நாலு குழாய்த் துண்டுகள்

பக்கவாதம் அசனாலியின் வாயிலிருந்த சொற்களையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது, போனால் போகிறது என்று ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தது. "ஆமா." விட்டதுதான் விட்டது, "இல்லை"யை விட்டிருக்கக் கூடாதா? இல்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த மனிதன் எப்படியோ பிழைத்துக்கொள்வான். ஆமா என்று மட்டும் சொல்லத் தெரிந்தவனை ஆளாளுக்குத் தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடுவார்கள். தலையாவது ஒத்துழைத்ததா என்றால், அதுவும் அந்தச் சொல்லோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு மேலும் கீழுமாகத்தான் ஆடியது. எழுதிக் காட்டலாமென்றால் எழுத்துகளும் சொற்களோடு சேர்ந்தே போயிருந்தன. வலது கையும் காலும் செத்துக் கிடந்தன. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது.

அது நடந்தது டிசம்பரில். கிர்கிஸ் மலையடிவாரத்துக் கரகோல் ஊரின் டிசம்பர் மாடுகளையே கொட்டிலுக்குள் நடுங்க வைக்கும். அசனாலியின் பழைய வோல்கா காரில் ரேடியேட்டருக்கு ஊற்றுவது வெறும் தண்ணீர். கூட்டுப்பண்ணைத் தலைவர் ஓட்டிக் கழித்த வண்டியைத் தன் இளவட்ட வயதில் வாங்கியது முதல், குளிர்காலத்தில் ஒருநாள்கூடத் தண்ணீரை இறக்காமல் அவர் வீட்டுக்குள் போனதில்லை. இன்ஜின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டு விழும் வரை பக்கத்தில் குந்தியிருப்பார். அன்று வண்டியை நிறுத்தினார், கதவைத் திறந்தார், அப்படியே பனியில் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவருக்கு நினைவு வந்தது அந்தத் தண்ணீர்தான். ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், மறுபடி கூஜாவைக் காட்டினார்.

"தாகமா இருக்குதாங்க?" என்றாள் மனைவி கலிபா.

"ஆமா!"

அவள் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊட்டினாள். அவர் கூஜாவைத் தட்டிவிடப் பார்த்தார். இன்னும் வேண்டுமாக்கும் என்று இன்னும் ஊட்டினாள். குடித்துக் குடித்து வயிறு உப்பிப் போய், கண்ணில் நீர் வழியக் கிடந்தார். இரண்டு நாள் கழித்து மச்சினன் சதார் வந்து, "தண்ணி உறைஞ்சு அத்தானோட வண்டி இன்ஜின் ரெண்டா பொளந்துடுச்சுக்கா" என்று கட்டிலருகே நின்றே சொன்னான். காதும் போய்விட்டதென்று நினைத்தான்போலும்.

அதற்குப் பிறகு கலிபா அவருடைய ஆமாவைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டாள். இழுத்துச் சொன்னால் வேண்டாம், வெட்டிச் சொன்னால் வேண்டும், கத்தினால் வேறு ஏதோ. இந்த வித்தை அவளுக்கு மட்டும்தான் வந்தது.

அடுத்த அக்டோபரில் மகன் மிர்லான் மாஸ்கோவிலிருந்து லீவில் வந்தான். போய் ஐந்தாறு வருஷமாகிவிட்டது. அங்கே ஏதோ கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். அவன் கிளம்பிய அன்று அசனாலி வாசலுக்கே வரவில்லை, கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். அந்த மனப்புண் இருவருக்கும் இன்னும் ஆறவில்லை. வந்தவன் அப்பாவின் கோலத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரோடு சாய்ந்து நெடுநேரம் நின்றான்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னான்: "அல்மாட்டியிலேருந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரும்மா. பழைய வோல்காவையெல்லாம் வாங்கி கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறவர். சனிக்கிழமை வர்றேங்கிறார். இன்னொரு இன்ஜின் போட்டு ஓட வச்சுட்டேன்னா வண்டி இங்கேயே இருக்கும். சதார் மாமா அப்பாவை உட்கார வச்சு ஓட்டட்டும். ஓடலேன்னா குடுத்துடறதுதான். ஞாயித்துக்கிழமை நான் போயிட்டா திரும்ப எப்ப வருவேனோ. இங்க நின்னு துருப்பிடிச்சா அதைப் பார்த்தே அப்பா செத்துடுவார்."

ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அசனாலிக்கு உடம்பில் பாதி விழித்துக்கொண்டது. வண்டி இருக்கும். பையன் கையால் ஓடும். இதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஏரியின் மறுகோடியிலுள்ள பாலிக்சி ஊரின் பழைய சாமான் சந்தையில் இன்ஜின் கிடைத்தது. ஒரு உவாஸ் வேனிலிருந்து கழற்றியது. வோல்கா இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட தம்பி, கொஞ்சம் தட்டிக்கொட்டினால் அப்படியே உட்கார்ந்துவிடும். முற்றத்து ஆப்பிள் மரத்தடியில், ஆடு உரிக்கும் பெரிய மேசைமேல் அதை ஏற்றினார்கள். பக்கத்திலேயே பிளந்த பழைய இன்ஜின், மேல்மூடியான ஹெட் கழற்றப்பட்டுக் கிடந்தது, ஹெட்டை இறுக்கும் ஸ்டட் கம்பிகளெல்லாம் முள்ளாக நீட்டிக்கொண்டு. அசனாலியைக் கம்பளி போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் கல்பாக் தொப்பியையும் மாட்டிவிட்டாள் கலிபா.

"அத்தான் சூப்பர்வைசர்!" என்றான் சதார். மினிபஸ் ஓட்டுகிறவன். தன்னுடைய ஜிகுலி கார் இன்ஜினைத் தானே இரண்டு தரம் பிரித்து மாட்டியவன். அதை ஊரில் யாரும் மறக்கவிடாதவன். "இந்த மாமா தொட்டா ஓடாத இன்ஜின் இல்ல மாப்ளே. நீ மண்ணெண்ணெயை எடுத்துட்டு வா."

முதல் நாள் முழுக்க அசனாலி சந்தோஷமாகத்தான் இருந்தார். மிர்லான் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக வருஷக்கணக்கான மண்ணையும் கிரீஸையும் தேய்த்து எடுத்தான். உள்ளிருந்து அலுமினியம் வெளுப்பாக வெளியே வந்தது. சின்ன வயதில் இந்தப் பையனை அவர் வண்டிப் பக்கமே அண்டவிட்டதில்லை. விளக்கைப் பிடி, அசையாதே, தொடாதே, அவ்வளவுதான். இப்போது அவன் போல்ட்களைத் திருகும்போது, அவர் செய்வதைப்போலவே, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இது எங்கிருந்து வந்தது என்று அவர் நெஞ்சு விம்மியது.

இரண்டாம் நாள் ஹெட்டைக் கழற்றினார்கள். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும், அது சரியான வேலைதான். ஹெட் வெளியே வந்ததும் அசனாலி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த இன்ஜினின் வம்சத்துக்கே ஒரு குணம் உண்டு. பிஸ்டன் ஓடும் குழாய்களான லைனர்கள் அதில் தனித்தனியாக, சும்மா சொருகி நிற்கும். சுற்றிலும் தண்ணீர் ஓடும். அடியில் ஒரு மெல்லிய செம்பு வளையம்தான் தண்ணீரை ஆயிலில் இறங்காமல் தடுக்கிறது. ஹெட் மேலே உட்கார்ந்து அழுத்தும் வரைதான் எல்லாம் ஒழுங்கு. ஹெட்டை எடுத்துவிட்டு இன்ஜினைச் சுற்றினால், பிஸ்டன் மேலே வரும்போது லைனரையும் மயிரிழை தூக்கிவிடும், வளையம் நகர்ந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஹெட்டை எடுத்த கையோடு ஸ்டட்களில் குழாய்த் துண்டுகளைக் கோத்து, நட்டு போட்டு, லைனர்களை இறுக்கிப் பிடித்துவைக்க வேண்டும். ஜிகுலியில் இந்தத் தொல்லை கிடையாது. ஜிகுலிக்காரனுக்கு இது தெரியவும் தெரியாது.

"பாரு மாப்ளே, உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு! இரு, சுத்திக் காட்டறேன், நாலையும் பாரு" என்று சதார் பெரிய ஸ்பானரைக் கிராங்க்கின் முனையில் மாட்டினான்.

"ஆமா!" என்று கத்தினார் அசனாலி.

"பார்த்தியா, அத்தானே சுத்துங்கறார்."

"ஆமா! ஆமா! ஆமா!"

சதாருக்கு உற்சாகம் பொங்கியது. மிர்லான் சிரித்தபடி ஸ்பானரைத் தானும் பிடித்தான். அசனாலி கையிலிருந்த ஊன்றுகோலை வீசி எறிந்தார். அது மேசைவரைகூடப் போகாமல் கோழிகளுக்கு நடுவில் விழுந்தது.

கலிபா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "டேய் சதார், நிறுத்துடா! அவர் வேண்டாங்கறார்!"

"அக்கா, காதால கேட்டேன், ஆமா ஆமாங்கறார்."

"அந்த ஆமா வேற ஆமாடா!"

"ஆமாவுல என்னக்கா வேற ஆமா? நீ போய் போர்சோக்கைப் பாரு, கருகுற வாசனை வருது. இன்ஜினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

எண்ணெயில் கிடந்த மாவுத் துண்டுகள் உண்மையிலேயே கருகிக்கொண்டிருந்தன. அவள் எண்ணெய்ச் சட்டியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

ஒருவேளை வளையம் இன்னும் நகர்ந்திருக்காது. அரைச் சுற்றுதான் ஆகியிருந்தது. அசனாலி நாற்காலியை இடது காலால் உந்தி உந்திக் கொட்டகைச் சுவர்வரை போனார். அங்கே கீழ்த்தட்டில் பழைய தேயிலை டப்பா. அதைத் தரையில் கவிழ்த்தார். தண்ணீர்க் குழாயை அறுத்து அவரே அரம் போட்டுச் செய்த நாலு துண்டுகள் உருண்டன. குனிந்ததில் கம்பளி நழுவியது, தொப்பி விழுந்தது. இரண்டு துண்டுகள் கைக்கு அகப்பட்டன. மிர்லான் ஓடி வந்து அவரைத் தாங்கிப் பிடித்தான். அவர் அந்தத் துண்டுகளை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, அழுத்தினார். இன்ஜினைக் காட்டினார். மறுபடி அவன் கையை அழுத்தினார்.

மிர்லான் கையைத் திறந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"மாமா... இதை வச்சுத்தான் நான் சின்ன வயசுல கோட்டை கட்டி விளையாடுவேன். ஒருநாள் எடுத்ததுக்கு அப்பாகிட்ட அடிகூட வாங்கியிருக்கேன். அப்பா அதை ஞாபகம் வச்சிருக்கார் மாமா." அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டான். "எனக்கும் ஞாபகம் இருக்குப்பா. எல்லாம் ஞாபகம் இருக்கு."

"ஆமா," என்றார் அசனாலி. அவருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. பிள்ளை இவ்வளவு பாசமாக அவரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! அந்தப் பாசத்தைத் தட்டிவிட்டு, அட முட்டாளே அதை ஸ்டட்டில் மாட்டு என்று சொல்ல வாயில் ஒன்றும் இல்லை. மிர்லான் துண்டுகளைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டான். பின்னால் சதார் ஸ்பானரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

அதன்பின் இரண்டு நாளும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். புது கேஸ்கட் வைத்தார்கள். ஹெட்டை இறுக்கினார்கள். பின்பக்கம் ஆயில் கசியாமல் அடைக்கும் கயிற்றை மாற்றினார்கள், அதைச் சதார் நன்றாகவே செய்தான். வெள்ளிக்கிழமை செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்கி, வண்டிக்குள் இறங்கி, தன் இடத்தில் அமர்ந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். அக்கம்பக்கத்துக் கிழவர்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

இந்த ஊரில் பெரியவர் கை விரித்து ஆசி சொல்லாமல் புதுப் பசுவுக்குக் கயிறுகூட மாட்ட மாட்டார்கள். மிர்லான் கையைக் கழுவிக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றான். உள்ளங்கைகளை விரித்தான். சதாரும் கிழவர்களும் விரித்தார்கள். அசனாலி இடது கையை உயர்த்தி முகத்தைத் தடவிக்கொண்டால் போதும், எல்லோரும் ஓமின், அதாவது அப்படியே ஆகட்டும், என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

அவரிடம் மிச்சமிருந்த ஒரே மறுப்பு அந்தக் கைதான். அதைத் தொடைக்கடியில் செருகி, அதன்மேல் பலமாக உட்கார்ந்துகொண்டார்.

கோழிகள் மேய்கிற சத்தம் கேட்டது. விரித்த கைகள் விரித்தபடி இருந்தன. மிர்லானின் காதுமடல்கள் சிவந்தன.

"அத்தானுக்குக் களைப்பு," என்று சதார் அவசரமாகச் சொல்லி, தானே ஆசி கூறி முகத்தைத் தடவினான். "ஓமின்!" என்றார்கள் எல்லோரும். மிர்லானின் உதடு மட்டும் அசையவில்லை.

சாவி திருப்பியதும் இன்ஜின் இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. வேலியோரம் கைதட்டல். அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து மிர்லான் ஏரிப் பக்கம் ஓட்டினான். சாலையோரத்து நெடிய பாப்ளர் மரங்கள் மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தன. இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. செம்பு வளையம் தாங்கிவிட்டதோ என்னவோ என்று அசனாலிக்கே ஆசை வந்தது. தாங்கியிருக்கலாம், ஏன் கூடாது, எத்தனையோ வண்டிகள் தெய்வாதீனமாக ஓடுகின்றன! ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். காற்று விரல்களுக்கிடையில் புகுந்தது. கொஞ்ச நேரம், உண்மையாகவே, அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"அப்பா," என்றான் மிர்லான், சாலையைப் பார்த்தபடி. "நான் போனதுக்கு நீங்க இன்னும் என்னை மன்னிக்கலை. அதானே எனக்குக் கை தூக்கலை?"

"ஆமா," என்று வந்தது.

அவன் தலையசைத்தான். அசனாலி தன் வாயைத் தானே அறைந்துகொண்டார். மிர்லான் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடியில் வைத்தான்.

திரும்பி வரும் வழியில் இன்ஜினுக்குள் டக் டக் என்று ஆரம்பித்தது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சம்மட்டி அடிப்பதுபோல் ஆயிற்று. மிர்லான் இறங்கி, ஆயில் பார்க்கும் கம்பியை உருவினான். கம்பியில் ஆயிலோடு தண்ணீர் கலந்து, பால் தேநீர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது.

சதார் பார்த்தான். வாயைத் திறந்தான். "சந்தையில ஏமாத்திட்டானுங்க" என்று ஆரம்பித்து, அக்காவின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"சுத்தாதேன்னு சொன்னாரு," என்றாள் கலிபா.

"அவர் ஆமான்னுதானேக்கா..."

"வேற என்ன சொல்வாரு? வேற என்னடா இருக்கு அவர்கிட்ட?"

மிர்லான் பழைய இன்ஜின் ஓரமாகப் போய் உட்கார்ந்தான். பையில் கை விட்டபோது குழாய்த் துண்டுகள் தட்டுப்பட்டன. எடுத்துக் கையில் உருட்டினான். பக்கத்தில் ஒரு ஸ்டட் நீட்டிக்கொண்டிருந்தது. சும்மா, ஒன்றும் யோசிக்காமல், ஒரு துண்டை அதில் போட்டான். அளவெடுத்ததுபோல் இறங்கி, கீழே லைனரின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. அடுத்ததை அடுத்த ஸ்டட்டில் போட்டான். அதுவும் அப்படியே உட்கார்ந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, காருக்குள் அப்படியே விட்டுவைத்திருந்த அப்பாவைப் பார்த்தான். கண்ணாடி வழியாக அசனாலியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அல்மாட்டிக்காரர் கயிறும் லாரியுமாக வந்தார். நல்ல மனுஷர்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தேநீர் குடித்தார். மிர்லான் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான்.

"குடுத்துடட்டுமாப்பா?"

அசனாலி பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் குவித்து, நாக்கை மேலே தள்ளி, அந்த இன்னொரு சொல்லைத் தேடினார்.

"ஆமா."

"தெரியும்ப்பா. வேண்டாங்கறீங்க." மிர்லான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்பத்தான் தெரியுது. ஆனா நாளைக்கு நான் போகணும். பேரிங்கெல்லாம் போச்சு. அந்தச் செம்பு வளையம் இந்த ஊர்ல எங்கேயும் கிடைக்கலை. நான் என்னப்பா செய்ய?"

அசனாலிக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

கயிறு கட்டும்போது மிர்லான் திடீரென்று, "கொஞ்சம் இருங்கண்ணே" என்றான். வண்டிக்கடியில் நுழைந்தான்.

"என்ன தம்பி?"

"தண்ணியை இறக்கிடறேன். கணவாயில ராத்திரி உறையும்."

"எப்படியும் செத்த இன்ஜின்தானே!"

மிர்லான் குழாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டி, முற்றத்தில் ஓடி, வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்த அசனாலியின் பூட்ஸ்வரை வந்தது. அவன் கடைசிச் சொட்டு விழும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தான். பிறகு தலையை வெளியே நீட்டிக் கேட்டான்:

"ஆஸ்பத்திரியில கூஜாவைக் காட்டிக்கிட்டே இருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. இதுக்குத்தானாப்பா?"

"ஆமா," என்றார் அசனாலி.

இடது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தார். மிர்லான் வண்டிக்கடியிலிருந்து எழுந்து வந்து, ஈரக் கைகளை அவர் முன்னால் ஏந்தினான். அவர் அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, பொறுமையாக, ஒரு நீண்ட ஆசி சொல்கிறமாதிரி சொல்லி முடித்து, முகத்தைத் தடவிக்கொண்டார்.

கலிபா வாசற்படியில் நின்றிருந்தாள். அவருக்குக் கொண்டுவந்த தண்ணீர்க் கோப்பை அவள் கையில் அப்படியே இருந்தது. லாரி கிளம்பி, கயிறு விறைத்து, வோல்கா வேலிக்கு வெளியே போகும் வரை அவள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.